எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு

முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கலாமென்று போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் கூடம் முழுக்க வண்ண வண்ணப் பாய்கள், பாய்க்கு ஒரு கர்ப்பிணி. சுவரில் இருந்த டி.வி.யில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். இங்கே எல்லோரும் கையைத் தூக்கினார்கள். கர்ப்ப கால யோகா வகுப்பாம்! வகுப்பு நடத்திய செவிலியர் என் பேத்தி வயதுப் பெண். பெருமை பொங்கும் முகத்தோடு என்னைப் பார்த்து, "உங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா?" என்று கேட்டாளே பார்க்கணும்.

ஏதுவா? நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வலியாவது ஒன்றாவது! பாயே இல்லாத வீட்டில் கோணிப்பையை விரித்து ஆசனம் போட வைத்தவள் நான். டி.வி.யில் வந்த பெண்ணின் முதுகு வளைந்திருப்பதைக்கூட அங்கேயே சுட்டிக்காட்டினேன். அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, "இதையெல்லாம் எழுதி வைங்கம்மா" என்றாள். எழுதுகிறேன். எனக்கு ஒரு சாக்கு போதாதா?

எனக்குச் சொந்த ஊர் திருப்புட்குழி. பள்ளிப் படிப்பு முடித்து, தாதிப் பயிற்சி முடித்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசியைக் கொதிக்க வைக்கவும், படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடவும், திட்டு வாங்கும்போது அழாமல் நிற்கவும் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு என்னைப் போட்டார்கள். அப்போது அதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். பஸ் போகிற இடம் வரைக்கும் பஸ், மிச்சத்துக்கு ஏரிக்கரை மேல் நடை. கையில் பிரசவப் பெட்டி, தோளில் குடை.

நான் சேர்ந்த மறுவருஷம் எங்கள் நிலையத்துக்குப் புது டாக்டரம்மா வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், வரும்போதே மாசமாக இருந்தார். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். ஆனால் கோபம் வந்துவிட்டால் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். "சிஸ்டர், இதைக் கழுவுங்க" என்றால் சாதாரணம். "இதைக் கழுவுறீங்களாங்க சிஸ்டர்" என்று இழுத்தால் ஓடிப்போய்க் கழுவிவிட வேண்டும். ஒரு தடவை கம்பவுண்டரிடம், "நீங்க கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேனுங்க" என்றார். மனிதர் அன்றைக்கு முழுவதும் திரும்பி வரவில்லை!

ஒருநாள் காலை ஏதோ கேட்க அவருடைய குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது. உள்ளே டாக்டரம்மா பெரிய வயிற்றோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கால்களை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க சிஸ்டர் பாக்குறீங்க? உக்காருங்க. நீங்களும் பண்ணுங்க" என்றார். அவருடைய அப்பா ஆசனம் பழகியவராம். சின்ன வயதிலிருந்தே வீட்டில் பழக்கம்.

மறுவாரமே எங்களுக்கெல்லாம் பாடம் ஆரம்பமாகிவிட்டது. செவிலியர் ஒவ்வொருவரும் ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், எழ வேண்டும், சுவரைப் பிடித்துக் குந்த வேண்டும், நான்கு காலில் நின்று முதுகைத் தூக்கி இறக்க வேண்டும். "உங்களுக்குப் பை வேண்டாமா டாக்டர்?" என்று ஒருத்தி குறும்பாகக் கேட்டாள். "எனக்குச் சொந்தமா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் கட்டோணும்" என்றார். சிரித்துச் சிரித்து என் பையின் முடிச்சு அவிழ்ந்து, அரிசி தரையெல்லாம் கொட்டியது. அதையும் குந்தியபடியே பொறுக்க வைத்துவிட்டார்!

விதிகளில் மட்டும் விளையாட்டே கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்காமல் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. மூச்சை அடக்கச் சொல்லக் கூடாது. தலை சுற்றினால், உதிரம் பட்டால் உடனே நிறுத்தி, வண்டி கட்டி இங்கே கூட்டி வர வேண்டும். நான் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இன்றைக்கும்.

ஆகாயத்தில் பறக்காத குறையாக, நான் முதலில் போனது காலனிக்கு. அங்கே முனியம்மாவுக்கு ஆறு மாதம். குந்துவது எப்படி, குனிந்து நிமிர்வது எப்படி என்று சுவரோரம் நின்று செய்து காட்டினேன். முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏன் நர்சம்மா, காலையில நாத்து புடுங்கப் போனா பொழுது சாயற வரைக்கும் குனிஞ்சிக்கினுதான் கீறோம். குனியறதுக்குக் கத்துக்குடுக்கவா கவர்மெண்டு ஒனக்குச் சம்பளம் குடுக்குது?"

தெருவே சிரித்தது. எனக்கு மூக்கு அறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் புகார் வைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவங்க சொல்றது நெசந்தானுங்களே சிஸ்டர். அவங்களுக்குப் படுக்கறதுதான் ஆசனமுங்க" என்றார்.

மறுபடியும் போனேன். மதியக் கஞ்சி குடித்ததும் இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே பழம்புடவையை மடித்து வைத்து, கண்ணை மூடி மூச்சை மெதுவாக விட வேண்டும், இதுதான் உனக்கு ஆசனம் என்றேன். முனியம்மாவின் புருஷன் வந்து பார்த்துவிட்டு, "பகல்ல இன்னா படுக்க?" என்று சத்தம் போட்டான். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "படுக்கல. ஆசனம் பண்ணிக்கினு கீறேன். டாக்டரம்மா ஆர்டர்." அவன் வந்த வழியே போய்விட்டான். வெறுமனே ஓய்வு எடு என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அவளால் எடுத்திருக்க முடியாது. அடுத்த வாரம் நான் போனபோது கர்ப்பமே இல்லாத பெண்கள் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எங்களுக்கும் எதுனா ஒரு ஆசனம் சொல்லேன்" என்றார்கள்!

இனி சரோஜாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சரோஜா நிலபுலம் உள்ள வீட்டு மருமகள். வீட்டில் அவளும் புருஷனும் மாமியார் கனகம்மாவும்தான். புருஷன் நல்லவன், ஆனால் அம்மா பேச்சைத் தட்டாதவன். சரோஜாவுக்கு முதல் குழந்தை நான் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, வீட்டில் பிறந்து, பிறந்த போதே உயிரில்லாமல் இருந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாசமான பெண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அப்படியே புரண்டு படுக்கக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, பிறகுதான் திரும்பிப் படுக்க வேண்டும். புரண்டால் உள்ளே கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பார்கள். முதல் பிள்ளை போனதும் கனகம்மா ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். தூக்கத்தில் இவள் புரண்டிருக்கிறாள், அதனால்தான் போயிற்று. அதை ஊரறியச் சொல்லவும் சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை உண்டானதும் கனகம்மா மருமகள் பக்கத்திலேயே பாய் போட்டுவிட்டார். சரோஜா அசைந்தால் போதும், "எய்ந்து ஒக்காந்து திரும்புடி!" என்று தட்டி எழுப்பிவிடுவார். பகலில் குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, படி இறங்கக் கூடாது. நான் முதல் தடவை போனபோது சரோஜா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கால் வீக்கம், பேச்சே இல்லை. கனகம்மா மோர் எடுக்க உள்ளே போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் கொன்னுட்டேன் நர்சம்மா. தூக்கத்துல பொரண்டுட்டேன். இதுவும் போயிட்டா என்ன எங்கம்மா வூட்டுல வுட்டுட்டு, அத்தே தம்பி பொண்ண அவருக்குக் கட்டி வெச்சிடுவாங்க. அத்தே சொல்லிட்டாங்க."

கோபம் எனக்கு உச்சிக்கு ஏறியது. கனகம்மா மோரோடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். புரண்டால் கொடி சுற்றாது, குழந்தை உள்ளே தானே சுழலும்போது சுற்றிக்கொள்வதுதான் அது, தாய் மேல் தப்பில்லை என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கனகம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா நர்சம்மா?"

"இல்ல."

"நான் அஞ்சு பெத்தவ. மோரக் குடி."

குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய? டாக்டரம்மா மறுநாளே சரோஜாவை வரவழைத்துப் பரிசோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது; கால் வீக்கத்துக்கும் பயப்படும்படி காரணமில்லை. "இவங்களுக்கு மொதல்ல தூக்கம் வேணுமுங்க. அப்புறம் கொஞ்சம் கால அசைக்கோணும். மாமியாரை நீங்க பாத்துக்கோங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் நடந்துகொண்டே யோசித்தேன். கனகம்மா என்ன கேட்கிறார்? எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு என்கிறார். அதை ஏன் நான் வேண்டாமென்று சண்டை பிடிக்க வேண்டும்? எழுந்து உட்காருகிறாளே, அந்த உட்காருகிற இடம் எனக்குப் போதுமே! சட்டென்று பொறி தட்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எதிரே மாடு ஓட்டி வந்தவர், யாருக்கோ வலி கண்டுவிட்டது என்று நினைத்து மாடுகளை ஒதுக்கி வழிவிட்டார்.

"கனகம்மா, நீங்க சொல்றபடியே நடக்கட்டும். ஆனா பகல்ல எழுந்து உட்கார்ந்தவ உடனே திரும்பிப் படுக்க வேணாம். காலைச் சேத்து வெச்சு, முதுக நிமுத்தி, நிதானமா மூச்சு இழுத்து விட்டுட்டு அப்புறம் திரும்பட்டும்" என்றேன். ராத்திரிக்கு வேறு வழி செய்தேன். ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்து, சரோஜாவை இடது பக்கமாகப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் அண்டக்கொடுத்தேன். "இனிமே அவளே நெனச்சாலும் பொரள முடியாது. நீங்களும் தூங்கலாம்."

கனகம்மா சாக்கைக் காலால் அழுத்திப் பார்த்தார். நன்றாக இறுகியிருந்தது. "இது ஆவும்" என்றார்.

அடுத்த தடவை போனபோது மாமியார், மருமகள் இருவர் முகத்திலும் தூங்கி எழுந்த தெளிவு. அதற்கடுத்த தடவை போனால், தெருமுனையிலேயே கனகம்மாவின் குரல் கேட்டது. "இயு... வுடு... இயு... வுடு... இன்னாடி அவசரம், யார் வூட்டு சொத்து போவுது? முதுக நிமுத்து!" முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே மருமகளுக்கு மூச்சு எண்ணுகிறார்! நான்கு காலில் நின்று முதுகைத் தூக்கும் ஆசனத்துக்கு, சாணி போட்டுத் தரை மெழுகுவது போலிருக்கிறதென்று, அந்தத் தெரு 'தரை மெய்கற ஆசனம்' என்று பெயரே வைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாசக்காரிகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி சோம்பலாக உட்கார்ந்தால் கனகம்மா விடமாட்டார். டாக்டரம்மாவாவது மரியாதையாகத் திட்டுவார். இங்கே அதுவும் கிடையாது.

ஒருநாள் வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கனகம்மா எட்டி எட்டிப் பார்த்தார். "நீங்களும் கேளுங்க" என்று குழலின் மேல் அவர் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். பிறகு மூச்சுவிடாமல் அப்படியே குனிந்திருந்தார். "குதிரயாட்டம் ஓடுதே!" என்று நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஐந்து பெற்றவர் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "இந்தத் தடவ ஒரு நாளும் பொரளல. நான் சாட்சி. எல்லாம் நல்லபடியா ஆவும், இல்ல?" என்றார். சரோஜாவின் முதல் குழந்தைக்கான பழி அவள் மேல் அப்படியே இருந்தது என்று புரிந்தது.

வலி கண்டது ஒரு அறுவடைக் காலத்துக் காலை. வீட்டில் வேண்டாம், நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அந்தப் பழைய சாக்கையும் முதுகுக்கு வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா அதற்குள் தன் பிள்ளையைப் பெற்று, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். வீட்டு மனுஷி ஒருத்தரைப் பிரசவ அறைக்குள் விடுவது அவர் வழக்கம். கனகம்மா உள்ளே வந்து தலைமாட்டில் நின்று மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சரோஜா அன்றைக்கு எப்படிச் செய்தாள் தெரியுமா! வலி ஏறும்போது மூச்சு, வலி இறங்கும்போது ஓய்வு. ஒரு கத்தல் இல்லை. சுவரைப் பிடித்துக் குந்தச் சொன்னால் குந்தினாள், எழச் சொன்னால் எழுந்தாள். கனகம்மா, "இயு... வுடு..." என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு முன்பே குழந்தையின் தலை வந்துவிட்டது. நான் வழக்கப்படி விரலை விட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

கொடி இருந்தது. ஒரு சுற்று.

சுற்று தளர்வாகத்தான் இருந்தது. தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம், எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். ஆபத்தாகப் பட்டது வேறு. கனகம்மாவுக்குத் தெரிந்தால்? ஆசனம் போட வைத்துத்தான் கொடி சுற்றியது என்று ஊரெல்லாம் சொல்வார். அந்தப் பக்கத்தில் இனி ஒரு வீட்டிலும் என்னை நுழைய விடமாட்டார்கள். சரோஜாவின் கதி இன்னும் மோசம். சத்தமில்லாமல் கழற்றிவிடலாமென்று விரலை வளைத்தேன்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். குனிந்து பார்த்தார். அடுத்த வலி வர இன்னும் நேரமிருந்தது. "சிஸ்டர், கழட்டறதுக்கு முன்னால அந்தம்மாவக் கூப்பிடுங்க. பாக்கட்டும்" என்றார்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். வாழ்க்கையில் மேலதிகாரிக்கு மறுத்தது அன்றைக்குத்தான்.

"கூப்பிடறீங்களாங்க சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா.

கூப்பிட்டேன். கனகம்மா சரோஜாவின் கையை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். பார்த்தார். முந்தானை வாய்க்குப் போனது. அவர் கண் எதிரே கொடிக்கு அடியில் விரலைக் கொடுத்து, மெல்ல இழுத்து, குழந்தையின் தலைக்கு மேலாகக் கழற்றி விட்டேன். உடனே வலி வந்தது. குழந்தை வழுக்கிக்கொண்டு என் கையில் விழுந்தது. பெண். துடைத்த துடைப்பில் வீலென்று அழுதது பாருங்கள், வெளியே வண்டி மாடுகள் மிரண்டதாக அப்புறம் சொன்னார்கள்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கனகம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சரி, இப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான்தான பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தேன்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "ஒரு நாளும் பொரளலயே. சாக்கு வெச்சிருந்துச்சே. அப்பறம் எப்டிச் சுத்துச்சு?"

டாக்டரம்மா தொப்புள்கொடியைக் கட்டி வெட்டுவதிலேயே கவனமாக இருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. படித்ததையெல்லாம் ஒப்பித்து நான் ஏற்கெனவே தோற்றிருந்தேன்.

கனகம்மா மெல்ல நடந்து தலைமாட்டுக்குப் போனார். சரோஜாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார்.

"சரோசா, இதுக்கும் கொடி சுத்தித்தான் இருந்துச்சு. நானே பாத்தேன்." முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "அந்தப் புள்ளைக்கும் நீ ஒண்ணும் பண்ணலடி. நான்தான் ஒன் மேல போட்டுட்டேன்."

அத்தனை வலிக்கும் வாய் திறக்காத சரோஜா அப்போது அழுதாள். முதல் குழந்தைக்காக அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் முறை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் திரும்பவில்லை. நன்றாகப் பார்த்தேன், நன்றாக அழுதேன்.

எல்லாம் முடிந்து சுத்தம் செய்த பிறகு குழந்தையைத் துணியில் சுற்றிச் சரோஜாவின் வலது பக்கம் கிடத்தினேன். அவள் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். பிள்ளையைப் பார்க்க வேண்டும். பழக்கதோஷம், கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

கனகம்மா அவள் தோளில் கை வைத்தார்.

"எய்ந்துக்காதடி. அப்டியே பொரண்டு பாரு."

சரோஜா புரண்டாள்.